பெட்டி உடைந்தால், காணாமல் போனால்: ஹட்டனிலிருந்து அனுப்புகிறவர் யாரிடம் பணம் கேட்பது?

டொரொன்டோவிலிருந்து அந்த அக்கா அனுப்பிய குரல் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. "தம்பி, தேத்தண்ணியில சவுக்காரம் மணக்குதுப்பா." படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. டேப் நாங்கள் ஒட்டியது ஒட்டியபடி. உள்ளே பக்கெட்டுகள் கசங்கக்கூட இல்லை. வாசத்தை எப்படிப் படம் பிடிப்பது?

ஹட்டன் டவுனில் அண்ணனுக்கு ஒரு சின்னக் கடை. பதிவு பெற்ற ஏற்றுமதியாளர் ஒருவர் பொதி செய்து தரும் தேயிலை, மாத்தளைப் பக்கமிருந்து வரும் கராம்பு, கறுவா, மிளகு இவைதான் வியாபாரம். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளைப் பார்ப்பது என் வேலை. அந்தப் பெட்டி கடல் வழியாக, பலருடைய சாமான்களோடு ஒரே கொள்கலனில் போனது. பக்கத்தில் யாரோ சவர்க்காரமோ சலவைத்தூளோ ஏற்றியிருக்க வேண்டும். தேயிலையின் குணம் அப்படி. ஈரமோ வாசமோ, பக்கத்தில் இருப்பதை இழுத்து வைத்துக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கார்கோ ஏஜென்டிடம் கேட்டேன். "பெட்டி நல்லாத்தானே போயிருக்கு" என்றார். அத்தோடு சரி. அக்காவுக்கு வேறு பெட்டி எங்கள் செலவில் போனது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். சாமான் போய்விட்டால் பணம் வரக்கூடிய வழிகள் நான்கு. ஏற்றிச் சென்றவர் சட்டப்படி தர வேண்டியது ஒன்று. கூரியரிடம் கூடுதல் காசு கட்டி வாங்கும் பொறுப்பு இரண்டாவது. சரக்குக் காப்புறுதி மூன்றாவது. நான்காவது நம் சொந்தச் சட்டைப்பை. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஏற்றிச் சென்றவர் தருவது

"அவங்க தொலைச்சா முழுப்பணமும் தரணும்தானே?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். முழுப்பணம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது ரூபாயிலோ டொலரிலோ இல்லை, எஸ்.டி.ஆர். என்கிற அலகில் இருக்கிறது. சர்வதேச நாணய நிதியம் டொலர், யூரோ, யுவான், யென், பவுண் ஐந்தையும் கலந்து கணிக்கும் அலகு அது. மதிப்பு நாளுக்கு நாள் மாறும். நான் கைக்கணக்குக்கு ஒரு எஸ்.டி.ஆர். 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வேன். உண்மையில் கொஞ்சம் கூடத்தான் வரும்.

5 கிலோ தேயிலைப் பெட்டி ஒன்று. மதிப்பு 24,000 ரூபாய் என்று வைப்போம்.

தபாலில் பார்சலாகப் போனால், உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி உச்சவரம்பு பெட்டிக்கு 40 எஸ்.டி.ஆர்., அதோடு கிலோவுக்கு 4.50. எங்கள் பெட்டிக்கு 62.5 வரும், அதாவது சுமார் 25,000 ரூபாய். விமானச் சரக்காகப் போனால் மொன்ட்ரியல் உடன்படிக்கை. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., அதற்கு முன் 22 ஆக இருந்தது. 5 கிலோவுக்கு 130, அதாவது 52,000 ரூபாய். கப்பலில் ஹேக்-விஸ்பி விதிகள். ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது கூடவோ அது. பொதிக் கணக்கில் பார்த்தால் இரண்டரை இலட்சம் ரூபாயைத் தாண்டும்.

முதலில் இதைப் பார்த்தபோது நான் கணக்கில் பிழை விட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். தேயிலைக்கு மூன்று வழிகளிலும் வரம்பு போதும். அதுவும் ஆக மலிவான கப்பல் வழியில்தான் வரம்பு ஆக உயரம்.

இனி அதே தராசில் ஒரு பட்டுச்சேலையை வையுங்கள். எடை ஒரு கிலோ, விலை 75,000. தபாலில் 44.5 எஸ்.டி.ஆர்., சுமார் 17,800 ரூபாய். விமானத்தில் 26 எஸ்.டி.ஆர்., பத்தாயிரத்துச் சொச்சம். கல்யாணச் சேலைக்கு பிளவுஸ் தைத்த கூலிகூட அதில் தேறுமா தெரியாது. எடை கூடி விலை குறைந்த சாமானுக்கு இந்த வரம்புகள் தாராளம். எடை குறைந்து விலை கூடியதற்குப் பிச்சைக்காசு. தேயிலைக்காரனும் சேலைக்காரனும் ஒரே ஆலோசனையைப் பின்பற்றக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கப்பல் வரம்பில் ஒரு பொறி இருக்கிறது. கப்பல் ரசீதில், அதாவது பி.எல்.இல், "40 பெட்டி தேயிலை" என்று எழுதியிருந்தால் நாற்பதும் நாற்பது பொதி. "ஒரு கொள்கலன்" என்று மட்டும் எழுதியிருந்தால் கொள்கலன் முழுக்க ஒரே பொதியாகிவிடும். ஒரு வரியில் எழுதுகிற விஷயம், அதில் இலட்சக்கணக்கில் வித்தியாசம். பலருடைய பெட்டிகளைச் சேர்த்து அனுப்பும் ஏஜென்ட்கள் நம் கையில் பி.எல். தருவதே குறைவு. தங்கள் பெயர் போட்ட ஒரு சீட்டைத் தருவார்கள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் அவர்களுடைய சொந்த நிபந்தனைகள் இருக்கும். காசு கட்டுவதற்கு முன் சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

வரம்பு உயரமாக இருந்து மட்டும் பயனில்லை, ஏற்றிச் சென்றவர் தப்பிக்க எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். விமானத்தில் கதவுகள் குறைவு. சரக்கின் சொந்தக் குறை, பிழையான பேக்கிங், யுத்தம், அரச அதிகாரிகளின் நடவடிக்கை. இவை இல்லாவிட்டால் யார் பிழை என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை, அவர்கள் தர வேண்டும். கப்பலில் அப்படிப் பதினேழு கதவுகள். மாலுமி கப்பலைச் செலுத்தியதில் விட்ட பிழைகூட அதில் ஒன்று. தீ இன்னொன்று, உரிமையாளரே காரணமாக இருந்தாலொழிய. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். 1,486 கொள்கலன்கள். அவற்றுக்குள் சரக்கு வைத்திருந்தவர்களில் காப்புறுதி இல்லாதவர்களுடைய நிலையை நினைத்துப் பாருங்கள்.

தபாலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதிவு இல்லாத சாதாரணச் சிறு பொதிக்கு நட்டஈடே கிடையாது. பார்சலுக்கு உண்டு. சுங்கம் பறித்தால் இல்லை, தாமதத்துக்கும் இல்லை. அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்டு எழுத வேண்டும். பற்றுச்சீட்டு கையில் இல்லாமல் தபாலகத்துக்குப் போனால் பொழுதுதான் போகும். ஆனாலும் விலை குறைந்த சாமானுக்கு நான் இன்னும் தபாலைத்தான் விரும்புகிறேன். மெதுவாக வந்தாலும் பதில் வரும்.

கூரியரில் மதிப்பைச் சொல்லி அனுப்புவது

கூரியர் கொம்பனிகள் கூடுதல் காசு கட்டாத பெட்டிக்குப் பெரும்பாலும் 100 டொலரை ஒட்டிய தொகையோ கிலோக் கணக்கோதான் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் அனுப்பும்போதே மதிப்பைச் சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதுவும் தங்களைத் தாங்களே. அங்கே சுங்கத்தில் வரி விழுமே என்று விலைச்சீட்டில் 250 டொலர் சேலைக்கு 20 டொலர் என்று எழுதுவார்கள். "எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க" என்பார்கள். சேலை போய்விட்டால் க்ளெய்ம் கேட்கும்போது அதே 20 டொலர் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். சுங்கத்துக்கு ஒரு விலை, நட்டஈட்டுக்கு ஒரு விலை என்று எழுத வழியில்லை. வரியை மிச்சம் பிடிக்கிறவர் நட்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். நான் குறைத்து எழுத மாட்டேன் என்று சொன்னதால் ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

சேலை, பித்தளை விளக்கு, வாத்தியக் கருவி போன்றவற்றுக்கு இந்த வழிதான் சரி என்பது என் அபிப்பிராயம். கட்டணம் கூடத்தான். ஆனால் பெட்டி எங்கே இருக்கிறது என்று நாளாந்தம் தெரியும், போய்ச் சண்டை பிடிக்க ஓர் ஒபிஸும் இருக்கும். தேயிலைக்கு இது வீண் செலவு.

காப்புறுதி

காப்புறுதி என்றால் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். கடல் சரக்குக் காப்புறுதியில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள் உண்டு. எழுத்து இறங்க இறங்கப் பிரிமியமும் இறங்கும், பாதுகாப்பும் இறங்கும்.

சி என்பது பெரிய விபத்துகளுக்கு மட்டும். தீ, கப்பல் மூழ்குதல், மோதல், லொறி குடைசாய்தல் போன்றவை. களவுக்கு இல்லை. பி கொஞ்சம் கூட. கடல் நீரோ ஆற்று நீரோ உள்ளே புகுந்தால் உண்டு. மழை நீருக்கு? பி வாசகத்தில் மழை இல்லை. ஆனி, ஆடியில் ஹட்டனில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குறையின் அளவு புரியும். தென்மேல் மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. கடையில் மடித்து வைத்த கடதாசிப் பெட்டியே தொய்ந்துபோகும். கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் இறங்கி அவிசாவளைக்குப் போவதற்குள் தார்ப்பாய் கிழிந்த லொறியில் பெட்டி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. மலைநாட்டிலிருந்து அனுப்புகிறவர் எடுப்பதென்றால் ஏ வாசகத்தைத்தான் எடுக்க வேண்டும். பயணம் தொடங்கும் இடமாகப் பத்திரத்தில் கொழும்புத் துறைமுகத்தைப் போடாமல் ஹட்டனைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மலைப்பாதை முழுக்க நம் தலையில்.

ஏ வாசகத்திலும் கிடைக்காதவை இருக்கின்றன. பேக்கிங் போதாமல் வந்த சேதம், சரக்கின் சொந்தக் குணத்தால் வந்த சேதம், தாமதத்தால் வந்த நட்டம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைப்பாதைகளும் ரயில் பாதையும் அறுந்து கிடந்தபோது பெட்டிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. நத்தார் கேக்குக்கென்று கேட்ட கறுவாவும் கராம்பும் தைப்பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்குக் காப்புறுதிக்காரர் ஒரு சதமும் தர மாட்டார். சாமான் நல்லபடியாகத்தானே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பார்.

அப்படியானால் சவுக்காரம் மணத்த எங்கள் தேயிலை? வாசம் வெளியிலிருந்து வந்தது, தேயிலை தானாகக் கெடவில்லை. ஏ வாசகம் இருந்திருந்தால் கேட்க இடம் இருந்திருக்கும். பி, சியில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பேக்கிங் போதாது என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்போது நாங்கள் வெறும் பொலித்தீன் பக்கெட்டில்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கப்பலில் அனுப்புகிறவர் காப்புறுதி எடுக்க இன்னொரு காரணம் இருக்கிறது. நம் பெட்டிக்கு ஒன்றும் ஆகாமலே நாம் பணம் கட்ட வேண்டி வரலாம். பொதுச் சராசரி என்று ஒரு பழைய கடல் வழக்கம். கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து காப்பாற்றச் செய்த செலவை, அதில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் மதிப்புக்கேற்பப் பங்கு போட வேண்டும். 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பல் கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல்தான். சில வாரங்களில் பொதுச் சராசரி அறிவித்தார்கள். அப்படி அறிவித்தால், பங்கைத் தருவேன் என்று உத்தரவாதம் கொடுக்கும் வரை சரக்கை விட மாட்டார்கள். காப்புறுதி இருந்தால் அந்த உத்தரவாதத்தை அவர்கள் கொடுப்பார்கள். இதற்கு மலிவான சி வாசகமே போதும்.

ஒரே ஒரு 5 கிலோப் பெட்டிக்காகக் காப்புறுதி ஒபிஸுக்குப் போவது வேலைக்காகாது. குறைந்தபட்ச பிரிமியம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அது பெட்டியின் இலாபத்தையே தின்றுவிடும். மாதாமாதம் சரக்குப் போகிறதென்றால் வருடத்துக்குத் திறந்த பத்திரமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அறிவித்தால் போதும். சரக்கு விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் 10 சதவீதம் வைத்து மதிப்பிடுவது வழக்கம்.

சொந்தச் சட்டைப்பை

சின்னப் பெட்டிகளுக்கு நாங்கள் கடைசியாக வந்து சேர்ந்த வழி இது. ஒவ்வொரு பெட்டியின் விலையிலும் நூற்றுக்கு நான்கு ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறோம். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் தொடங்கியது, இப்போது வங்கிக் கணக்கு. பெட்டி உடைந்தாலோ காணாமல் போனாலோ அதிலிருந்து வேறு பெட்டி போகும். வாடிக்கையாளரிடம் ஆறு மாதம் காத்திருங்கள் என்று சொல்வதில்லை. தபாலிலிருந்து நட்டஈடு வந்தால் அந்தக் கணக்கிலேயே போடுவோம்.

"கொழும்பில் ஏற்றிவிட்டால் பொறுப்பு உங்களுடையது" என்று ஒப்பந்தத்தில் எழுதலாம், மொத்த வியாபாரிகள் எழுதவும் செய்கிறார்கள். இரண்டு கிலோ தேயிலை வாங்கும் அக்காவிடம் அதைச் சொன்னால் சட்டம் நம் பக்கம் இருக்கும், அக்கா இருக்க மாட்டார்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் போகிற சரக்கின் மதிப்பு அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தைத் தாண்டினால் அது சூதாட்டம். ஒரு தடவை லண்டனுக்கு 30 பெட்டி ஒன்றாகக் கேட்டார்கள். அன்று அண்ணனோடு கொஞ்சம் வாக்குவாதப்பட்டுத்தான் ஏ வாசகக் காப்புறுதி எடுத்தேன். பெட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. "காசு வீணாப் போச்சே" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஆக, எங்கள் கடையில் இப்போது நடப்பது இதுதான். ஐந்து கிலோவுக்கு உட்பட்ட தேயிலை, மசாலா என்றால் தபால் பார்சல், நட்டம் எங்கள் கணக்கில். அவசரமென்றால் விமானம், சட்ட வரம்பே போதும். விலை உயர்ந்த, எடை குறைந்த சாமான் கூரியரில், உண்மையான விலையை எழுதி. கப்பலில் போகும் எதுவும் காப்புறுதி இல்லாமல் போகாது. தேயிலை உள்ளே ஈயத்தாள் உறை போட்டு வாய் ஒட்டிய டின்னில் மட்டும்.

நாட்கணக்கு

எந்த வழியில் போனாலும் பெட்டியைப் பெறுகிறவர் நாள் தவறவிட்டால் எல்லாம் போச்சு. விமானச் சரக்கில் சேதம் என்றால் பெற்றுக்கொண்டதிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தவறினால் வழக்கே நிற்காது. தாமதத்துக்கு 21 நாட்கள். வர வேண்டிய நாளிலிருந்து ஏழு நாள் கழிந்தும் வராவிட்டால் தொலைந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். கப்பலில் வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாள். அது தவறினால் உரிமை போய்விடாது, ஆனால் நல்ல நிலையில் கொடுத்தோம் என்று அவர்கள் சொல்வதை நாம்தான் பொய்யென்று காட்ட வேண்டும். வழக்குக்கு ஒரு வருடம். டொரொன்டோ அக்கா பெட்டியைத் திறந்ததே வந்து இரண்டு வாரம் கழித்து. நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுக் கடதாசி வைக்கிறேன்: வந்த அன்றே திறந்து முகர்ந்து பாருங்கள், சரியில்லை என்றால் பெட்டியையும் உறையையும் எறியாமல் எனக்குச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. குவைத்திலும் டுபாயிலும் வேலை செய்யும் நம் பெண்கள் தோட்டத்துக்கு அனுப்பும் பெட்டிகள். லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை, தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான். எத்தனையோ பெட்டிகள் தோட்ட ஒபிஸ், சந்திக் கடை என்று சுற்றி வரும். டவுனில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். எங்கள் கடையிலும் அப்படி ஆறேழு குடும்பத்தின் பெட்டிகள் வரும். வந்ததும் முதலில் மூலைகளைத் தடவிப் பார்ப்பேன். நனைந்தோ பிரிந்தோ இருந்தால், கையெழுத்துப் போடும் தாளிலேயே "பெட்டி நனைந்துள்ளது" என்று எழுதிவிட்டு அதற்குக் கீழேதான் பெயரை எழுதுவேன். லொறிக்காரத் தம்பி அவசரப்படுவான், மழையும் பெய்துகொண்டிருக்கும். அவனுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுதுவேன்.